அடுப்பு மூட்டாதீங்க

மரியநாயகம் போன வாரம் மாதா படத்துக்கு முன்னால் மனைவி சுகிர்தத்திடம் கையில் அடித்து ஒரு சத்தியம் வாங்கினார். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மகள் பவுலினுக்கு மூன்றாம் ஓலை, கடைசிக் கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். இந்த இருவரின் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சபையைக் கேட்டார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று மத்தியானத்துக்குள் சத்தியம் உடைந்துவிட்டது.

என்ன சத்தியம் என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கல்யாணத்துக்கு அழைப்பதில் இரண்டு விதம் உண்டு. வெற்றிலைத் தட்டை நீட்டி "வந்துருங்க" என்று மட்டும் சொன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து சாப்பிட்டுப் போவார். கூடவே "அன்னைக்கு அடுப்பு மூட்டாதீங்க" என்று சொல்லிவிட்டால் குடும்பமே வரும், கைப்பிள்ளை உட்பட. இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. லயத்தின் ஒற்றை அறைக் காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் சொன்னது அடுத்த வீட்டில் கேட்கும். ஒருவருக்குச் சொல்லி ஒருவருக்குச் சொல்லாமல் விட முடியாது.

அந்த வார்த்தையை எந்த வாசலிலும் சொல்ல மாட்டேன் என்பதுதான் சுகிர்தம் செய்த சத்தியம்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. கூப்பன் அரிசி குறைந்துபோயிருந்தது. மாவு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பாண் ரொட்டி வாங்க விடியுமுன் போய் வரிசையில் நின்றவர்கள் வெறும் பையோடு மலை ஏறினார்கள். தோட்டத்தில் வேலை நாளையும் குறைத்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து அரிசி கொண்டுவந்தால் வழியிலேயே சோதனை போட்டுப் பறித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் கல்யாணம் வைத்த மனிதரை என்னவென்று சொல்வது?

மரியநாயகத்துக்குக் கிறுக்கொன்றும் இல்லை. மாப்பிள்ளை டக்ளஸ் நல்லதண்ணி என்ற ஊரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். பாண் போடுகிற இடத்தில் பட்டினி இருக்காது என்று அவர் நம்பினார். "எம் மகளாவது ரெண்டு வேள சாப்பிடட்டும்" என்று ஸ்டோரில் கூட வேலை செய்கிறவர்களிடம்கூடச் சொல்லிவிட்டார். தேயிலை அரைக்கிற அந்த ஸ்டோரில்தான் அவருக்கு இருபது வருஷமாக வேலை.

கல்யாண வரவேற்பில் வெட்டக்கூடியதை எல்லாம் வெட்டியாயிற்று. சீனி இல்லாததால் கேக் இல்லை. பந்தலுக்கு ஸ்டோரின் பழைய சாக்குகளைத் தைத்துச் சேர்த்தார்கள். பவுலினுக்கு இரவல் வாங்கிய முக்காட்டில் மெழுகுதிரி சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அவளே அதன்மேல் நூலால் ஒரு பூப் போட்டு மறைத்தாள். சோற்றை மட்டும் வெட்ட முடியவில்லை. மாப்பிள்ளையின் அக்கா பெற்றீசியா நிச்சயத்தன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"எங்க ஆளுங்க அவ்வளவு தூரம் பஸ் ஏறி வர்றவங்க. சோத்துப் பந்தி போட்டுருங்க. தேத்தண்ணிய குடுத்து அனுப்புனா எனக்குத்தான் அசிங்கம்."

அந்தப் பந்திக்காகத் தவக்காலத்துக்கு முந்தியே சுகிர்தம் உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைக்கத் தொடங்கினாள். மரியநாயகம் கம்பளைப் பக்கம் போய் அரிசி வாங்கிச் சட்டைக்குள் சின்னச் சின்னப் பையாகக் கட்டிக்கொண்டு ரயிலில் வந்தார். இப்போது கட்டிலுக்குக் கீழே அரை மூட்டை கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் லயத்தில் வீட்டுக்கு ஒருவருக்கும் இழுத்துப் பிடித்துப் போடலாம்.

சுகிர்தம் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

முதல் வாசலிலேயே அவளுக்குக் காது சுட்டது. "சனிக்கிழமை பவுலினுக்குக் கல்யாணம். வந்துருங்க" என்று சொல்லிவிட்டு நின்றாள். வெற்றிலையை எடுத்தவர்களும் நின்றார்கள். அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அது வராது என்று தெரிந்ததும், "சரி, வர்றோம்" என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். எல்லா வாசலிலும் இதே கதைதான். கடைசிக்கு முந்தின வாசலில் அம்மாக்கண்ணு மட்டும் வெளிப்படையாகவே கேட்டாள்.

"என்னா மதினி, ஏதோ சொல்ல மறந்த மாதிரி இருக்கே?"

"ஒன்னும் மறக்கல."

"அப்ப நானா வரணும், எங்க வீட்டு மனுசனா வரணும்? அதயாச்சும் சொல்லிட்டுப் போங்க."

சுகிர்தம் சிரித்து மழுப்பினாள். பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது அவளுக்கு. அம்மாக்கண்ணுவின் மூத்தவன் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவளே சுகிர்தம்தான்.

கடைசிக் காம்பரா வீரம்மாவுடையது. அவள் புருஷன் மூக்கன் வவுனியாப் பக்கம் காட்டு வேலை தேடிப் போனவன், போன பிறகு தகவல் இல்லை. உள்ளே மூன்று பிள்ளைகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆள் வந்ததும் ஓடி வரவில்லை, ஒன்றையொன்று கிள்ளவும் இல்லை.

"வாங்கக்கா" என்று வீரம்மா சாக்கை உதறி விரித்தாள்.

மூத்தவள் பூரணியின் பாதம் இரண்டும் ஊதிப்போய் மினுமினுத்தன.

"என்னாடி புள்ள காலு இப்புடி வீங்கியிருக்கு?"

"மழத்தண்ணியில நின்னாக்கா. அதுதான்."

மழையில் நின்றால் அப்படி வீங்காது, பட்டினியில்தான் வீங்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சுகிர்தம் தட்டை நீட்டி, வந்துருங்க என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வீரம்மா வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு யோசித்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள்.

"பூரணிய அனுப்புறேன்க்கா. இவதான் ரொம்ப முடியாம இருக்கா. மத்தது ரெண்டும் தாக்குப் புடிக்கும்."

மற்ற இரண்டும் பூரணியைப் பார்த்தன. பொறாமை, கோபம் எதுவும் அந்த முகங்களில் இல்லை. தாய் சொன்னதைச் சரி என்று ஏற்றுக்கொண்டு பார்த்தன. சுகிர்தத்தால் அதைத் தாங்க முடியவில்லை.

"எல்லாரும் வாங்க" என்றாள். "அன்னைக்கு அடுப்பு மூட்டாதீங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்து, சுவருக்கு மேலால், அம்மாக்கண்ணுவின் குரல் வந்தது.

"எங்களுக்குந்தானே மதினி?"

அப்புறம் என்ன செய்வது? சுகிர்தம் வந்த வழியே திரும்பி, வாசல் வாசலாக நின்று, விட்டுப்போன வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

மரியநாயகத்துக்கு அதற்குள் விஷயம் எட்டிவிட்டது.

"மாதா முன்னால சத்தியம் பண்ணுனியேடி, பாவி."

"பண்ணுனேன். மாதாவுக்கும் புள்ள இருந்திச்சுல்ல. வெளங்கிக்குவா."

"மாதாவுக்கு வெளங்கும். அந்தப் பெற்றீசியாவுக்கு வெளங்குமா? பாதிப் பந்தியில சோறு தீந்துருச்சுன்னா மாப்புளயக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருவா. மூனு ஓல வாசிச்ச புள்ளய அப்புறம் எவன் கட்டுவான்? போ. போய், தவறிச் சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வா."

"என்னால முடியாது. வேணும்னா நீங்க போயி அந்தப் புள்ளைங்க மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவர் போகவில்லை. பவுலின் எழுந்தாள். கல்யாணப் பெண் இதற்காக வாசல் ஏறுவது எங்கேயும் நடக்காத கூத்து. ஆனால் மூன்று பேரில் யாராவது ஒருவர் போயாக வேண்டும். அவளுக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். அது நின்றுவிடுமோ என்று பயந்தாள்.

வீரம்மா வாசலில் உட்கார்ந்து பூரணிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். பவுலினைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா புள்ள. ஒங்கம்மாவப் பத்தித்தான் இதுங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"சின்னம்மா, அம்மா வந்து…"

"நாங்க அடுப்பு மூட்டியே நாலு நாளாச்சு. லயத்துல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் எங்க வீட்லயும் அடுப்பு எரியிற மாதிரி மதிச்சு, மூட்டாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க பாரு. யாருக்கு வரும் அந்த மனசு? இதுங்க அப்பயிலேருந்து சனிக்கிழமைய பத்தித்தான் பேசுதுங்க. பேச்சு வந்துருச்சு இதுங்களுக்கு." சீப்பை நிறுத்தி நிமிர்ந்தாள். "நீ என்னா சொல்ல வந்த?"

"ஒன்னுமில்ல சின்னம்மா. சனிக்கிழமை நேரத்தோட வந்துருங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள், "கஞ்சி காச்சுவோம்ப்பா. கஞ்சின்னா எல்லாருக்கும் எட்டும்."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. பெற்றீசியாதான். நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியா, ஹட்டன் என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். வருவதாகச் சொல்லி அனுப்பவும் இல்லை.

"பந்தல் வேலையெல்லாம் எப்புடின்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாமா" என்றாள். பந்தலை அவள் பார்க்கவே இல்லை. உள்ளே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் சமைக்கிற குசினியையும் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க மட்டும்தானா வீட்ல? வேற யாரும் வரலியா?"

"யாரு வரணும்?" என்றாள் சுகிர்தம்.

"இல்ல, சும்மா கேட்டேன்."

சுகிர்தம் பால் இல்லாத தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தாள். பெற்றீசியா அதை ஆற விடாமல் மடமடவென்று குடித்தாள். பெரியவர்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கிற மாதிரித் தெரியவில்லை. பவுலினே ஆரம்பித்தாள்.

"மதினி, ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. எங்க லயத்துல எல்லாரையும் குடும்பத்தோட கூப்புட்டாச்சு. இருக்குற அரிசி சோத்துக்குப் பத்தாது. கஞ்சியாத்தான் காச்சணும்."

"கஞ்சியா? கல்யாண வீட்லயா?"

"கோவிச்சுக்காத தாயி" என்றார் மரியநாயகம். "ஒங்க ஆளுங்கள்ல கொஞ்சம் கொறச்சுக்கிட்டா, வர்றவங்களுக்குச் சோறே போட்டுரலாம். ஒங்க பக்கத்துல எத்தன பேருன்னு பாத்து…"

"கொறைக்கவா?" பெற்றீசியா சிரித்தாள். "எங்க ஆளுங்க கல்யாணம் பாக்கவா மாமா வர்றாங்க? சோறு திங்க வர்றாங்க. ஆறு மாசமாப் பேச்சுவார்த்த இல்லாத சித்தப்பா வீடு, நாலு நாளைக்கு முந்தி வந்து, எங்களயும் கூட்டிக்கிட்டுப் போன்னு நின்னுச்சு. யார கொறைக்கச் சொல்றீங்க? இந்தப் பந்தியச் சொல்லிச் சொல்லித்தான் எங்க புள்ளைங்கள நாங்களே தூங்க வைக்கிறோம்."

"என்னாம்மா சொல்ற? பேக்கரி இருக்குறப்ப ஒங்களுக்கு என்னா…"

"மாவு இருந்தாத்தானே பேக்கரி? பூட்டி ரெண்டு மாசமாச்சு."

பெற்றீசியா காலிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சொல்லக் கூடாதுன்னு டக்ளஸ் எங்கிட்ட கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டான்" என்று பெற்றீசியா தொடர்ந்தாள். "கல்யாணத்துக்குள்ள வேற வேலை தேடிக்கிறேன்னான். சீசனும் முடிஞ்சிருச்சு, மலைக்குச் சாமி கும்புட வர்ற ஆளும் இல்ல. வெறகு பொறுக்கி வித்தான். வாங்குறவன்கிட்டயும் ஆக்குறதுக்கு ஒன்னும் இல்ல, வெறகு எதுக்கு?"

மரியநாயகம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆறேழு மாதமாக அவர் தூங்கி எழுந்ததெல்லாம் அந்தப் பேக்கரியை நினைத்துத்தான். மெதுவாக எழுந்தார். குனிந்து, கட்டிலுக்குக் கீழிருந்து மூட்டையை இழுத்தார். தோளில் தூக்கிக்கொண்டார். அரிசி அளக்கிற கொத்தை இன்னொரு கையில் எடுத்தார்.

"என்னாங்க, எங்க போறீங்க?" என்றாள் சுகிர்தம்.

மழையில் இறங்கிக் கடைசிக் காம்பராவுக்கு நடந்தார். வீரம்மாவின் வாசலில் மூட்டையை இறக்கி வாயை அவிழ்த்தார்.

"சொளகக் கொண்டா தாயி. கல்யாணச் சாப்பாடு. இன்னைக்கே ஆக்கிப் புள்ளைங்களுக்குக் குடு."

வீரம்மா ஒன்றும் புரியாமல் சுளகை நீட்டினாள். அவர் அளந்து கொட்டினார். பவுலின் நனைந்துகொண்டு ஓடி வந்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"கூப்புட்டவங்களுக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்துர்றேன். அப்புறம் கல்யாணத்த நிப்பாட்டுனா யாருக்கும் நட்டமில்ல."

"எனக்கு?"

அவர் நிமிரவில்லை. "ஒரு பட்டினி வீட்லருந்து இன்னொரு பட்டினி வீட்டுக்கு அனுப்பவா ஒன்ன பெத்தேன்? நீயாச்சும் நல்லா சாப்புடுவன்னுதானே இத்தனயும் செஞ்சேன்."

"நா சோத்துக்காக அவர கட்டிக்கிறேன்னு ஒங்ககிட்ட எப்பப்பா சொன்னேன்?"

அவர் கை நின்றது. அவள் சொல்லவில்லைதான். அவர் கேட்கவும் இல்லை. போன வருஷம் திருவிழாவில் டக்ளஸ் அவள் பக்கத்தில் வந்து நின்று, பேசத் தெரியாமல் பேசி, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினான். அந்த நாளிலிருந்து பவுலினுக்கு அவன்தான். அவன் பேக்கரியில் வேலை செய்கிறான் என்பதே அவளுக்குப் பிறகுதான் தெரியும்.

"எனக்கு அவரப் புடிக்கும்ப்பா" என்றாள். "பட்டினின்னா ரெண்டு பேருமா கெடந்துட்டுப் போறோம்."

இதற்குள் லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. எதற்காக அரிசி கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுளகு, சட்டி, சேலை முந்தானை என்று கையில் கிடைத்ததை ஏந்திக்கொண்டு நின்றார்கள். மரியநாயகம் மகளைப் பார்த்தார், வாசல்களைப் பார்த்தார், வாய் அவிழ்ந்த மூட்டையைப் பார்த்தார். ஒரு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. இனி வாயைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

பவுலின் அவர் கையிலிருந்து கொத்தை வாங்கிக்கொண்டாள். அம்மாக்கண்ணுவின் சட்டியில் தானே அளந்து போட்டாள். அவளுடைய கல்யாணப் பந்தியை அவளே இப்படி வாசல் வாசலாகப் பரிமாறினாள். அழுதுகொண்டேதான் போட்டாள்.

குடையைப் பிடித்துக்கொண்டு பெற்றீசியா பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஒங்க வீட்டுக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கிறேன், கொண்டு போங்க மதினி" என்றாள் பவுலின். "ஆனா ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லிருங்க. பந்தி கெடையாது. கோயில்ல தாலி கட்டுறதப் பாக்க விரும்புறவங்க வரட்டும்."

"யாரும் வர மாட்டாங்க புள்ள."

"வராட்டிப் போறாங்க. அவரு வந்தாப் போதும் எனக்கு."

பெற்றீசியா குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். பவுலினின் முகத்தைப் பார்க்காமல், மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"டக்ளஸ் போன புதன்கிழம காலையில வீட்ட விட்டுப் போனவன் புள்ள. இன்னும் வரல. ஒங்க வீட்டுக்கு வந்திருப்பானோன்னு பாக்கத்தான் நான் வந்ததே."

அடுத்த காம்பராவில் சட்டியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பவுலின் கொத்தை மூட்டைக்குள் விட்டு அள்ளினாள்.